தண்ணீர் வரவில்லை என்று சொன்னேன்

1

இந்த வினிபெக் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் வானிலையைத்தான் கேட்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்கிறவர், பால் வாங்கும் கடையில் பில் போடுகிற பெண், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் தட்டை நீட்டும் பெரியவர்கள், எல்லாருக்கும் அதே கேள்வி. வெளியே எப்படி இருக்கிறது? நேற்றைக்கு இன்று பரவாயில்லை, இல்லையா? நான் வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இன்னும் யாராவது இப்படிக் கேட்டால் எனக்குள் ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார். இவருக்கு எதற்கு இது? தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறார்?

வானிலையில் என்ன ரகசியம் என்பீர்கள். எங்கள் வீட்டில் அது ரகசியம்தான். மாயவரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவில் எங்கள் ஊர். எங்கள் அப்பா ஞானமுத்து, சாகிற வரைக்கும் மழை பெய்தது என்று ஒருத்தரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. விடிய விடியக் கொட்டித் தீர்த்திருக்கும், கோழிக்கூண்டு முற்றத்தில் மிதக்கும். வரப்பில் எதிரே வருகிறவர் "மழை எப்படி?" என்பார். "ஏதோ தூறுச்சுங்க" என்பார் அப்பா. சொட்டு விழாமல் வயல் வெடித்துக் கிடந்தாலும் அதே பதில்தான்.

அக்கா எஸ்தரும் அப்படியே. அப்பாவுக்குப் பிறகு அந்த நிலத்தை அவள்தான் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குக் கிளம்புமுன் நான் போன் போடுவேன், அங்கே அப்போது பொழுது சாய்ந்திருக்கும். "மழை உண்டாக்கா?" "ஏதோ தூறுது." ஒரு வருஷம் சீர்காழிப் பக்கம் ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்பதை இங்கே செல்போனில் பார்த்துக்கொண்டே பேசுகிறேன், அவள் கொஞ்சமும் கூசாமல் "ஏதோ" என்கிறாள். என் கூடப் பிறந்தவளுக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கா? முதியோர் இல்லத்துக் கிழவர்கள் கேட்டால் "சம் கோல்ட், சம் கோல்ட்" என்று, அதாவது ஏதோ குளிர் என்று, சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். மைனஸ் முப்பதில் மூக்குமுடி உறைந்துபோயிருக்கும், அதற்கும் "சம் கோல்ட்"தான். அவர்கள் சிரிப்பார்கள், நான் ஏதோ நகைச்சுவை செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

2

அப்பா பைத்தியக்காரர் இல்லை. அவர் காலத்தில் மழை என்பது சாட்சி.

பெரிய பண்ணை ஒன்றின் நிலத்தில் கொஞ்சத்தை அப்பா குத்தகைக்குச் செய்தார். அதற்கு முன்னால் தாத்தா அதே நிலத்தில் கூலியாள். ஆட்சி மாறி, சாகுபடி செய்கிறவனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் பேசத் தொடங்கிய நேரம் அது. யார் பயிர் வைக்கிறார் என்று கிராமத்துக் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு பசலி வருஷத்துக்கும் அடங்கல் புத்தகத்தில் எழுதுவார். அதில் அப்பாவின் பெயர் ஏறிவிட்டது. ஏறின அன்றிலிருந்து அந்தப் பெயரை எப்படி இறக்குவது என்று பண்ணை யோசித்துக்கொண்டிருந்தது. ஊருக்கு ஊர் கொடி, ஊர்வலம், அடிதடி, கேஸ். யார் வயலில் யார் ஏர் இறங்குகிறது என்பதற்காக மண்டை உடைந்த காலம்.

அதனால் பண்ணைக் காரியஸ்தர் சைக்கிளை நிறுத்தி "என்ன ஞானமுத்து, நல்ல மழையா?" என்று கேட்டால் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. ஆமாம் என்றால், அப்போ விளைச்சலுக்கு என்ன குறைச்சல், குத்தகை நெல்லைக் கூட்டு என்பார். இல்லை என்றால், தண்ணீர் கட்டாமல் நிலத்தைக் கெடுக்கிறாய், உனக்கு எதற்குக் குத்தகை என்பார். அப்பா கண்டுபிடித்த ஒரே மருந்து அந்த 'ஏதோ'. எங்கள் பக்கத்துக் குத்தகைக்காரர்கள் பாதிப் பேருக்கு அந்த நோய் இருந்தது. ஒருவரோடு ஒருவர் பேசும்போதுகூட வானத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

ஒரு கார்த்திகையில் புயல் மழை. எங்கள் ஊர் உள்ளங்கை மாதிரி மட்டம். மேட்டில் இருக்கிறவன் என்று யாரும் கிடையாது. ஆற்றில் வருவது, வானத்தில் வருவது எல்லாம் வந்து நிற்கும், வடிகால் வழியாக வடிவதற்குக் கடல் மனசு வைக்க வேண்டும். சம்பாப் பயிர் பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது. பதினோராம் நாள் வெயில் அடித்தபோது வயல் முழுக்க அழுகல் நாற்றம். எனக்கு அப்போது எட்டு வயசு, அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

சேதம் எழுதக் கணக்குப்பிள்ளை வந்தார். பட்டியலில் பெயர் இருந்தால் விதைநெல்லும் அரிசியும் உண்டு என்று ஊரெல்லாம் பேச்சு. கணக்குப்பிள்ளை தனியாக வரவில்லை, கூடவே குடையைப் பிடித்துக்கொண்டு காரியஸ்தர். ஒருவர் எழுதுகிறார், ஒருவர் சும்மா நிற்கிறார். முந்தின ஒரு வெள்ளத்தில் பக்கத்து ஊரில் ஒருத்தர் "எல்லாம் போச்சுங்க" என்று சொல்லப்போக, அவர் பயிரே வைக்கவில்லை, தரிசாகப் போட்டுவிட்டார் என்று எழுதி, அடுத்த வருஷம் அவர் பெயரே புத்தகத்தில் இல்லை. அந்தக் கதையை அப்பா நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஞானமுத்து, பயிர் போச்சா?" என்று கேட்டார் கணக்குப்பிள்ளை.

அப்பா வயலைப் பார்க்கவில்லை, குடையைப் பார்த்தார். "ஏதோ தண்ணி நின்னுச்சுங்க. பயிர் தேறிரும்ங்க. சேதம்லாம் இல்லீங்க."

காரியஸ்தர் சிரித்தார். "சேதமில்லன்னா நல்லதுதானே. தை மாசம் குத்தகை நெல்லு வந்துரும்."

வந்தது. குறுவையில் எங்கள் சாப்பாட்டுக்கு என்று குதிரில் போட்டிருந்த நெல்லை அப்பா அள்ளிக் கொண்டுபோய் அளந்துவிட்டு வந்தார். அக்கா அப்போது ஒன்பதாவது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தை முடிவதற்குள் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கூலி வேலைக்குப் போனாள். வீட்டில் ஒரு வாய் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற நிலை, அந்த வாய் அவளுடையதாகிவிட்டது. அவள் கொண்டுவந்த கூலி நெல்லைத் தின்றுதான் நான் படித்தேன்.

3

நான் வந்து சேர்ந்த ஊரும் மட்டம்தான், ஆறுதான். இரண்டு ஆறு வந்து சேருகிற இடத்தில், சமவெளிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. காற்றைத் தடுக்க ஒரு மேடு கிடையாது. ஐந்து மாசம் பனி. கார் எஞ்சின் உறையாமல் இருக்க அதற்குக் கரண்ட் ஒயர் சொருகிவிட்டுத் தூங்க வேண்டும். சூரியன் பளீரென்று அடிக்கிற நாளில்தான் குளிர் அதிகம், இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நம்மூரில் வெயில் அடித்தால் வெயில். இங்கே வெயிலையும் நம்பி வெளியே கால் வைக்க முடியாது. பிறகு திடீரென்று ஒரு கோடை வருகிறது, மாயவரம் கொசுவெல்லாம் இங்கே பாஸ்போர்ட் எடுத்து வந்ததோ என்று நினைக்கிற அளவுக்குக் கொசு.

இங்கத்திய பெரிய ஆறு வடக்கே பார்த்து ஓடுகிறது. அதுதான் கோளாறே. பனி தெற்கே முதலில் உருகிவிடும், வடக்கே ஆறு இன்னும் கல்லாக இருக்கும். உருகிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் ஊருக்குள் பார்க்கும். ஊரைச் சுற்றி வெள்ளம் போக ஒரு கால்வாய் வெட்டி வைத்திருக்கிறார்கள், எல்லாரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கா நம்பிக்கை வரும்? ஒவ்வொரு பங்குனி சித்திரையிலும் வேலைக்குப் போகும் வழியில் பாலத்தில் இறங்கி, தூணில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுவேன். ரேடியோ சொல்வது இருக்கட்டும்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாசத்தில் பாதி நாள் ரோட்டில். வீட்டில் நானும் மகள் லீனாவும்தான். இங்கே எல்லா வீட்டுக்கும் தரைக்குக் கீழே ஒரு அறை உண்டு, பேஸ்மென்ட் என்பார்கள். காலேஜ் சேர்ந்ததிலிருந்து அவள் அங்கே கீழே போய்விட்டாள். சாப்பாட்டுக்கு மேலே வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஆனாலும் அவள் நடமாடும் சத்தம் காலுக்குக் கீழே கேட்டுக்கொண்டிருக்கும், எனக்கு அது போதும்.

இந்த வருஷம் சித்திரை பிறந்த இரண்டாம் சனிக்கிழமை, விடிந்தும் விடியாமலும், "அம்மா!" என்று கீழேயிருந்து ஒரு அலறல். சாக்கடைத் தண்ணீர் போவதற்காகத் தரையில் ஒரு துவாரம் இருக்கும். தண்ணீர் அந்த வழியாகவே திரும்பி ஏறி வந்துவிட்டது. கணுக்கால் அளவு. இரண்டு பேரும் மத்தியானம் வரை வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினோம். சுவர் அடியெல்லாம் ஊறிவிட்டது. லீனாவுக்குச் சின்ன வயசிலிருந்து வீசிங். சாயங்காலத்துக்குள் இழுக்க ஆரம்பித்துவிட்டது, மேலே சோபாவில் படுக்க வைத்தேன்.

4

திங்கட்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. லீனா காலேஜ் போயிருந்தாள். நகராட்சியிலிருந்து ஒரு பெண், கையில் அட்டை, பேப்பர். வெள்ளம் வந்த வீடுகளைப் பட்டியல் எடுக்கிறார்களாம். பட்டியலில் இருந்தால் ஆள் வந்து ஈரச் சுவரைப் பிரித்து எடுத்து, உலர்த்தி, தண்ணீர் திரும்பி ஏறாதபடி ஒரு வால்வு வைத்துக் கொடுப்பார்களாம். நல்ல விஷயம்தானே?

அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றான். ஒன்றும் எழுதவில்லை. என் வீட்டுக் கூரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், கையைக் கட்டிக்கொண்டான்.

அவ்வளவுதான். மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. எழுதிக்கொண்டுபோய் என்ன செய்வார்கள்? வெள்ள வீடு என்று முத்திரை குத்திவிட்டால்? இதில் குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால்? இந்த ஆள் யார், எதற்கு வந்தான், ஏன் வாயைத் திறக்கவில்லை?

"உங்கள் வீட்டில் தண்ணீர் வந்ததா?" என்று கேட்டாள்.

"நோ," என்றேன். "நோ வாட்டர்." என் வாய்தான் சொன்னது, குரல் அப்பாவுடையது. என் பின்னால் பேஸ்மென்ட் கதவு திறந்தே இருந்தது, ஈர வாடை வாசல் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கணம் மூக்கைச் சுருக்கினாள். பிறகு பேப்பரில் எதையோ டிக் அடித்துவிட்டு, தேங்க்யூ சொல்லிவிட்டு, கதவில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் லீனா அந்தச் சீட்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். தண்ணீர் புகவில்லை என வீட்டில் இருந்தவர் தெரிவித்தார். மாற்றம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும் என்று அடுத்த வாரத் தேதி போட்டிருந்தது.

"நீ ஏம்மா நோ சொன்ன?"

"அவங்கள எப்படி நம்புறது? ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் சும்மாவே நிக்கிறான்."

"சும்மா நின்னா தப்பா? அம்மா, ஐ காண்ட் ப்ரீத் டவுன் தேர். கீழ மூச்சே விட முடியல." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "நீ பட்டியல்ல பேர் குடுக்கலன்னா நான் பிரெண்ட் வீட்டுக்குப் போறேன். அவ ஒரு ரூம் காலியா இருக்குன்னு சொல்லியிருக்கா. அந்தத் தேதி வரைக்கும் வெயிட் பண்றேன்."

போகிறேன் என்றதைத் தமிழிலேயே சொன்னாள். முக்கியமான விஷயம் என்றால்தான் அவள் தமிழுக்கு வருவாள். இரண்டு அட்டைப்பெட்டிகளில் துணியும் புத்தகமும் அடுக்கி மாடிப்படி ஓரமாக வைத்தாள். வாரம் முழுக்க அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் நான் போய்வந்தேன். சீட்டில் இருந்த நம்பரை எடுத்து போனைக் கையில் வைத்துக்கொள்வேன், அந்தக் கை கட்டிய ஆள் ஞாபகம் வரும், வைத்துவிடுவேன்.

5

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். புலம்பத்தான் போன் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்பா வளர்ப்பு, அவளுக்கு என் நியாயம் புரியும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

நான் சொல்லி முடித்தேன்.

"நீயும் இல்லன்னு சொல்லிட்டியா?" என்றாள்.

"என்னக்கா?"

"அப்பா செத்தப்புறம் குத்தகைய என் பேருக்கு மாத்த தாலுகா ஆபீஸுக்கு நடையா நடந்தேனே, ஞாபகம் இருக்கா? பழைய அடங்கல் நகலெல்லாம் கேட்டாங்க. ஒவ்வொரு பசலியா எடுத்தேன். அந்தப் புயல் வருஷத்துதும் இருந்துச்சு."

"தரிசுன்னு எழுதியிருந்துச்சா?"

"'ஞானமுத்து, சாகுபடி, சம்பா, வெள்ளத்தால் முழுச் சேதம்.' கணக்குப்பிள்ளை கையெழுத்துதாண்டி. குண்டு குண்டா எழுதுவாரே."

அந்தக் கணக்குப்பிள்ளையைப் பண்ணையின் கூட்டுக்களவாணி என்று அப்பா ஆயுசு பூரா திட்டினார். கணக்குப்பிள்ளையின் சாவுக்குக்கூட அப்பா போகவில்லை. வாசலோடு போன பாடையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனுஷர் அப்பா சொன்னதை எழுதவில்லை. வயலைப் பார்த்து எழுதியிருக்கிறார். பெயரையும் எடுக்கவில்லை.

"அப்போ அந்த அரிசி, விதைநெல்லு..."

"அதுக்கு ஆளு போயி கையெழுத்துப் போடணும். வரச்சொல்லி ரெண்டு தடவை தலையாரிய அனுப்புனாரு. உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப் புள்ள. கையெழுத்துன்னதும் அப்பாவுக்கு சந்தேகம். நெலத்த எழுதி வாங்கத்தான் கூப்புடுறாங்கன்னு உள்ள போயி உக்காந்துகிட்டாரு. 'அப்பா ஊர்ல இல்லன்னு சொல்லு'ன்னாரு."

"யாருகிட்ட?"

"என்கிட்டத்தான். நான்தானே வாசல்ல போயி நின்னேன். ரெண்டு தடவையும் நான்தான் சொன்னேன். 'அப்பா ஊர்ல இல்லீங்க, நாகப்பட்டினம் போயிருக்காங்க.' தலையாரிக்கு உள்ள அப்பா காலு தெரியுது. பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, போயிட்டாரு."

ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்குகிற பெண், தன் வீட்டு வாசலில் நின்று, தன் பள்ளிக்கூடத்தைத் தானே மூடியிருக்கிறாள். இது தெரியாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தாலுகா ஆபீஸ் பெஞ்சில் அந்தக் காகிதத்தைத் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறாள். படித்துவிட்டு வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது.

"இத்தன வருஷமா ஏங்க்கா சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? அப்பாவும் இல்ல. நீ தூரத்துல ஒக்காந்து அழுவ. இப்ப அழுவுறல்ல, அது மாதிரி." மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. "அப்பா பயந்ததுக்கு நாயம் இருந்துச்சுடி. உனக்கு என்ன இருக்கு? புள்ளைக்கு மூச்சு முட்டுதுங்கிற. போயி தண்ணி வந்துச்சுன்னு சொல்லு."

6

திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நம்பரை அழுத்தினேன். வியாழக்கிழமை அதே பெண் வந்தாள். பின்னால் அதே ஆள். இம்முறை நான் வாயைத் திறக்குமுன் கதவைத் திறந்தேன், நேராகக் கீழே கூட்டிக்கொண்டு போனேன், விரிப்பைத் தூக்கினேன். "வாட்டர் கேம்," என்றேன். "ஐ சே நோ. வாட்டர் கேம்." இருபத்தாறு வருஷ இங்கிலீஷ் அவ்வளவுதான் அப்போது வந்தது.

சும்மா நின்ற ஆள் முட்டி போட்டு உட்கார்ந்து, ஊறின சுவரைக் கையால் தடவினான். அந்தத் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தான். வால்வு வைக்கிற பிளம்பர் அவன்தான். அன்றைக்கும் வீட்டைச் சுற்றிக் குழாய் எங்கே போகிறது என்றுதான் பார்த்திருக்கிறான். பேசாமல் இருந்ததற்குக் காரணம், என்னைப் போலவே அவனுக்கும் இங்கிலீஷ் கம்மி.

அந்தப் பெண் எழுதிக் கொடுத்த பேப்பரை மூன்று தரம் படித்தேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடும்போது அடியில் சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். ஒரே நாளில் மாறிவிட முடியுமா, சொல்லுங்கள்.

லீனா எல்லாவற்றையும் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டைப்பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை போய் சனிக்கிழமையும் வந்துவிட்டது, அவள் சோபாவில்தான் தூங்குகிறாள். சுவர் காய ஒரு மாசம் ஆகுமாம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு எல்லாம் சொன்னேன். "சரி, நல்லது" என்றாள். பிறகு பழக்கம் விடாமல் கேட்டேன், "அங்க மழை உண்டாக்கா?"

"நல்ல மழைடி," என்றாள். "நேத்து சாயங்காலம் புடிச்சது, காலையிலதான் விட்டுச்சு. வயல் முச்சூடும் தண்ணி. கோடை உழவு ஓட்டிரலாம்."

எனக்குப் பக்கென்றது. சோபாவிலிருந்து லீனா எழுந்து பார்க்கிற அளவுக்கு என் குரல் உயர்ந்துவிட்டது.

"அக்கா, என்னக்கா ஆச்சு? ஒடம்பு சரியில்லையா? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா? மறைக்காம சொல்லு."

"ஏண்டி, நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் அக்கா. "மழை பேஞ்சுது, சொன்னேன்."